வானொலியில் வாசித்த இரண்டு பெயர்கள்

என் வயதுக்காரர்களே, நாற்பதைத் தாண்டி முழங்கால் நோகத் தொடங்கியவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். சொல்ல வந்ததைச் சுற்றிச் சுற்றிச் சொல்லுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் இங்கே இத்தாலியில், பலெர்மோவின் போர்கோ வெக்கியோச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு நின்றபோது எங்கள் மாடியில் இருக்கிற அக்காவும் அவருடைய கணவரும் பாண் விலைக்குச் சண்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். இன்றைய பாண் விலைக்கு இல்லை. இலங்கையில் அறுபத்தெட்டாம் ஆண்டுப் பாண் விலைக்கு. பேக்கரியில் சுட்ட ஒரு றாத்தல் பாண் முப்பத்தைந்து சதம் என்றார் அக்கா. இல்லை, அது பிறகு வந்த விலை என்றார் கணவர். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். எனக்கு விலை நினைவில்லை. சதம்தான் நினைவிருந்தது. சதுரமான ஐந்து சதம், பூப்போல ஓரம் வளைந்த இரண்டு சதம். உள்ளங்கையில் பொத்திக்கொண்டு ஓடினால் வியர்வையில் செம்பு மணக்கும். அதைச் சொன்னேன். இருவருக்கும் அது உதவவில்லை.

பிறகு கதை கிழமை நாளுக்குப் போனது. நாங்கள் ஞாயிற்றுக்கிழமையும் பள்ளிக்கூடம் போனவர்கள் என்று நான் சொல்ல, கூட வந்திருந்த, இங்கேயே பிறந்த அக்காவின் மகன் சிரித்தான்.

"மா கே தீச்சி, என்ன சொல்லுறீங்கள் அன்ரி? ஞாயிற்றுக்கிழமையில பள்ளிக்கூடமோ? சும்மா கதை விடாதேங்கோ."

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். போனோம்தானே? போனோம். உங்களுக்கும் நினைவிருக்கும். அந்தச் சில வருடங்கள் நாட்டில் சனி ஞாயிறு லீவு கிடையாது. சந்திரனைப் பார்த்து லீவு விட்டார்கள். பூரணை, அமாவாசை, இரண்டு அட்டமி, இவைதான் போயா. போயாவும் அதற்கு முதல்நாளும் லீவு. ஒரு கிழமை செவ்வாய் லீவென்றால் அடுத்த கிழமை புதன். விரதநாளும் லீவுநாளும் ஒன்றாக வருகிறதென்று அம்மாவுக்குச் சந்தோஷம். எங்கள் தகப்பன் ஐயாவுக்கு எரிச்சல். இன்றைக்கு என்ன கிழமை என்று கலண்டரைப் பார்க்காமல் ஒருவராலும் சொல்ல முடியாத காலம் அது. நான் கீழே எழுதப்போவது அப்படி ஒரு போயாவில் நடந்தது. அன்றைக்கு வேலைநாளாக இருந்திருந்தால் ஒன்றுமே நடந்திராது என்று இப்போதும் நினைக்கிறேன். அல்லது நடந்திருக்குமோ, தெரியாது.

அப்போது எனக்குப் பத்து வயது. வீட்டில் ஐயா, அம்மா, நான், சின்னம்மா. சின்னம்மா அம்மாவின் தங்கை. தாய் தகப்பன் போனபின் எங்களோடு இருந்தா. இருபத்து மூன்று வயது. ஐயாதான் அவவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார். கொழும்பில் அரசாங்க உத்தியோகம் பார்க்கிற மாப்பிள்ளை. சாதகம் பொருந்தி, சீதனம் பேசி முடிந்து, அடுத்த மாதம் நாள் வைப்பதாக இருந்தது. ஐயா தோட்டத்து வெங்காயத்தை அந்த முறை விற்காமல் கட்டி வைத்திருந்தார், விலை ஏறினால் கலியாணச் செலவுக்கு ஆகும் என்று. வீடு முழுக்க வெங்காய மணம்.

சங்கக்கடைக்கு, அதுதான் கூட்டுறவுச் சங்கத்து றேஷன் கடைக்கு, போகிறது என் வேலை. கூப்பன் புத்தகத்தை ஒரு கையிலும் மண்ணெண்ணெய்ப் போத்தலை மறு கையிலும் கொண்டு வரிசையில் நிற்பேன். அந்த நேரம்தான் ஆளுக்குக் கிழமைக்கு அளந்து தருகிற கூப்பன் அரிசி இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாகக் குறைந்திருந்தது. அந்த ஒரு கொத்து சும்மா தந்தார்கள். மிச்சத்துக்கு வெளிக்கடையில் கேட்ட விலை. அரசாங்கம் குறைத்ததற்குச் சனம் சங்கக்கடை மனேச்சரைத்தான் திட்டியது. மற்றக் கொத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகிறார் என்று ஐயாவும் சொல்லுவார். அந்த மனிதருக்கு வீடே இல்லை. வேறு ஊர்க்காரர், பெற்றோர் இல்லை, கடைக்குப் பின்னால் ஒரு சாக்குக் கட்டிலில் படுத்து எழும்புகிறவர். இது எனக்குத் தெரியும், ஐயாவுக்குத் தெரியாது. ஐயா வரிசையில் நின்றதில்லை.

மனேச்சர் டெரிலின் சேட்டுப் போடுவார். இரண்டே இரண்டு சேட்டு. மேசையில் ஒரு றேடியோ வைத்திருப்பார். வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுக்காமல் இருக்க அதைச் சத்தமாகப் போடுவார். அந்த றேடியோவுக்காகவே நான் வரிசையின் கடைசியில் போய் நிற்பேன். புதுப் படப் பாட்டெல்லாம் அங்கேதான் பாடமாக்கினேன். படம் பார்க்க ஐயா விடமாட்டார். தியேட்டர் வாசலில் விற்கிற பாட்டுப் புத்தகத்தை யாராவது பிள்ளை கொண்டுவந்தால் பள்ளிக்கூடத்தில் மாற்றி மாற்றிப் பார்த்து எழுதுவோம். இளஞ்சிவப்புத் தாளில் மை ஊறி மறுபக்கம் தெரியும். கதாநாயகி போட்ட மாதிரி இரட்டைப் பின்னலில் றிபன் வைத்ததற்கு ஆசிரியை என் காதைத் திருகியதும் அந்த வருடம்தான்.

நேயர்கள் விரும்பிக் கேட்கிற பாட்டு என்று ஒரு நிகழ்ச்சி போகும். போஸ்ட்காட்டில் எழுதிப்போட்டால் பெயரும் ஊரும் வாசித்துப் பாட்டுப் போடுவார்கள். என் பெயரை அந்த அறிவிப்பாளர் வாயால் கேட்கவேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. அந்த ஆசை எப்படிப்பட்டதென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர் "வணக்கம்" சொன்னால் கிழவிகளும் திரும்பி வணக்கம் சொன்ன காலம்.

விலாசம் மனேச்சரிடம் கேட்டேன். அவர் சீனி சுற்றுகிற தாளில் எழுதித் தந்து, ஒரு பெயர் எழுதினால் வாசிக்கமாட்டினம், நாலைந்து பெயர் சேர்த்து எழுதும் பிள்ளை என்றார். அது எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். பெயர் கூடினால் காட் குப்பைக்குள் போகாது.

இங்கேதான் நான் பிழை விட்டேன். பெயருக்கு எங்கே போகிறது? ஐயாவின் பெயரை எழுதினால் அடி விழும். அம்மாவின் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. பெற்றவர்களின் பெயரை வாயால் சொல்லவே மாட்டோமே. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பெயரை எழுத மனமில்லை, பிறகு அவர்கள்தான் எழுதினதாகப் பீற்றுவார்கள். சின்னம்மாவை நான் பெயர் சொல்லாவிட்டாலும் அவ என் கொப்பி உறையில் தன் பெயரைக் கோலம் போல எழுதிப் பழகுவா, அதனால் எழுதக் கூச்சம் இருக்கவில்லை. முதலில் அதை எழுதினேன். விலாசம் தந்த நன்றிக்கு மனேச்சரின் பெயரை எழுதினேன். அது கடை விலைப் பலகையின் அடியில் கையெழுத்தாக இருக்கும். என் பெயரைக் கடைசியில் எழுதினேன். முதலில் எழுதினால் ஆசைப்பட்டது தெரிந்துவிடும் என்று வெட்கம். மூன்று பெயர் போதாதென்று எங்கள் பசுக்கன்றின் பெயரையும் சேர்த்தேன். பாட்டு, அந்த வருடம் எல்லா வாயிலும் இருந்த ஒரு சோடிப் பாட்டு. தொடக்கத்தில் அந்தப் பெண் சிரிக்கிற சிரிப்புக்காகத்தான் அதைக் கேட்டேன். வேறு அர்த்தம் எனக்குத் தெரியாது.

காட் ஐந்து சதமோ ஆறு சதமோ. பெட்டிக்குள் போட்டுவிட்டு விழுந்த சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்த்தேன்.

மூன்று கிழமை ஒன்றுமில்லை. பிறகு அந்தப் போயா வந்தது. நிகழ்ச்சி போகிற நேரம் வழமையில் ஊரில் ஆண்கள் தோட்டத்தில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அன்றைக்கு எல்லோரும் வீட்டில். ஐயா சாய்மனைக் கதிரையில். அம்மா அடுப்படியில். சின்னம்மா முற்றத்தில் குந்தி இருந்து அரிசிமா அரித்துக்கொண்டிருந்தா. எங்கள் வீட்டில் றேடியோ இல்லை, ஆனால் பக்கத்து வீட்டு றேடியோ வேலிக்கு மேலால் தெளிவாகக் கேட்கும். சந்தித் தேநீர்க்கடையிலும் அதே நிகழ்ச்சி.

முதலில் எங்கள் ஊரின் பெயரைச் சொன்னார் அறிவிப்பாளர். நான் எழுந்து நின்றுவிட்டேன். பிறகு சின்னம்மாவின் பெயர். பிறகு மனேச்சரின் பெயர். பிறகு, "மற்றும் நண்பர்கள்."

பாட்டுத் தொடங்கியது. அந்தப் பெண் சிரித்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் பெயரை வாசிக்கவில்லை. கிணற்றடிக்குப் போய்த் துலாக்காலில் சாய்ந்துகொண்டு அழுதேன். கன்றுக்குட்டியின் பெயரை எழுதியதால் கோபித்துக்கொண்டு என் பெயரையும் விட்டுவிட்டார்களோ என்று நினைத்தேன். அரை மணி நேரம் இதுதான் என் கவலை. பிறகு வீட்டுக்குத் திரும்பி வந்தேன். அரிதட்டு முற்றத்தில் கிடந்தது. சின்னம்மா அறைக்குள். ஐயா சேட்டைப் போட்டுக்கொண்டு போக இடமில்லாமல் வாசலுக்கும் படலைக்கும் நடந்துகொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்து, நீ போய்ச் சாப்பிடு என்றா. சாப்பாட்டு நேரமே இல்லை அது.

மறுநாள் காலையில் தரகர் வந்தார். செருப்பைக் கழற்றவில்லை.

"தங்கச்சி, மாப்பிள்ளை வீட்டிலயும் றேடியோ இருக்குத்தானே," என்று அம்மாவிடம் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். வெற்றிலைத் தட்டத்தைத் தொடாமல் போய்விட்டார்.

எனக்கு அப்போதுதான் ஏதோ விளங்கத் தொடங்கியது, முழுக்க இல்லை. ஒரு பெண்ணின் பெயரையும் ஒரு ஆணின் பெயரையும் சேர்த்து வாசித்தால் கலியாணம் நிற்கும் என்று யார் எனக்குச் சொல்லித் தந்தார்கள்? சின்னம்மா அந்த மனிதரோடு கதைத்ததை நான் கண்டதேயில்லை. அவ சங்கக்கடைப் பக்கம் போகிறதே இல்லை, என்னைத்தான் அனுப்புவா.

அன்று அரிசி போடுகிற நாள். ஐயா கூப்பன் புத்தகத்தைத் தானே எடுத்தார். பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். வழியெல்லாம், இப்போது சொல்லுவேன், அந்தப் பனை வந்ததும் சொல்லுவேன் என்று எண்ணிக்கொண்டு போனேன். பனை வந்தது, போனது. கடையில் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். ஐயா வரிசையைத் தாண்டி மேசைக்கு முன்னால் போய் நின்றார். மனேச்சர் அரிசி அளக்கிற கொத்தைக் கையில் வைத்தபடி நிமிர்ந்தார்.

"அந்தக் காட் போட்டது நீர்தானோ?"

மனேச்சர் ஐயாவைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். விலாசம் எழுதித் தந்தவர் அல்லவா, இப்போது என்னைக் காட்டுவார் என்று நான் ஐயாவின் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்தேன். ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வை என்னைத் தாண்டி எங்கேயோ போனது போல இருந்தது.

"ஓம்," என்றார். "நான்தான் போட்டனான். அவவுக்கு ஒண்டும் தெரியாது."

ஐயா அடித்தார். ஒரே அடி. கொத்து நிலத்தில் விழுந்து அரிசி சிந்தியது. வரிசையில் நின்ற ஒருவரும் அரிசியைப் பொறுக்கக்கூட அசையவில்லை. றேடியோவில் யாரோ உரம் போடுகிற விதத்தைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் எழுதிய காட். அதை நான்தான் எழுதினேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பெரிய மனிதர் ஒருவர் இருபது பேருக்கு முன்னால் தான்தான் எழுதினேன் என்று சொல்லும்போது பத்து வயதுப் பிள்ளை எதை நம்புவாள்? அவரும் ஒரு காட் போட்டிருப்பார், என்னுடையது போய்ச் சேரவில்லை, அதனால்தான் என் பெயர் வரவில்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்தபோது நிம்மதியாகவும் இருந்தது, இன்னும் அழுகையாகவும் இருந்தது. மூன்றாம் நாள் கிணற்றடியில் சின்னம்மா உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். கன்றுக்குட்டியின் பெயர் வரை சொன்னேன்.

அவ அடிக்கவில்லை. கையில் சவர்க்கார நுரையோடு அப்படியே இருந்தா.

"அப்ப அவர் ஏனடி ஓம் எண்டவர்?" என்று கேட்டா.

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.

நுரையை உதறிவிட்டு, "நீ இதை ஒருத்தரிட்டையும் சொல்லாதை. ஐயாவிட்டையும் வேண்டாம், ஆரிட்டையும் வேண்டாம். பிள்ளையாராணை," என்றா. என் தலையில் ஈரக் கையை வைத்துச் சத்தியம் வாங்கினா. ஐயாவிடம் சொன்னால் எனக்கு அடி விழும் என்றுதான் அப்படிச் செய்கிறா என்று எண்ணினேன். பல வருடம் அப்படித்தான் எண்ணினேன்.

என்னை ஒருவரும் விசாரிக்கவில்லை. ஐயா அம்மாவிடம் சொல்லுவார், எங்கட பிள்ளை எழுத்துக் கூட்டவே கஷ்டப்படுகிறது என்று. அவருக்கு அதில் கவலை. நான் சோதனையில் குறையப் புள்ளி எடுத்தது என்னைக் காப்பாற்றியது.

மனேச்சரைத் தூரத்து ஊர்ச் சங்கக்கடைக்கு மாற்றினார்கள். போகும்போது றேடியோவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். புதிதாக வந்தவர் றேடியோ வைக்கவில்லை. கொத்தும் கூடவில்லை. அதன்பின்தான் ஐயா, அந்தாள் அரிசி எடுக்கேல்லைப் போல, என்று ஒருநாள் மெல்லச் சொன்னார்.

இரண்டு வருடம் வந்த சம்பந்தமெல்லாம் படலையோடு போனது. கதை முன்னால் போய் நிற்கும். அம்மா வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்கு நெய்விளக்கு ஏற்றினா. ஒருநாள் ஐயா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சின்னம்மா குழம்பை ஊற்றியபடி சொன்னா, "அத்தான், அந்தச் சங்கக்கடைக்காரரையே கேட்டுப் பாருங்கோவன்."

ஐயா கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். நாலைந்து நாள் அவவோடு பேசவில்லை. பிறகு ஒரு விடியற்காலை சைக்கிளில் காற்று அடித்துக்கொண்டு புறப்பட்டார். அங்கே போய் என்ன பேசினார், அடித்த கைக்கு மன்னிப்புக் கேட்டாரா, அவர் என்ன சொன்னார், ஒன்றும் தெரியாது. வந்து தண்ணீர் குடித்துவிட்டு, "சரியாம்" என்றார். பிள்ளையார் கோயிலில் தாலி கட்டினார்கள். வெங்காயம் அந்த முறை நல்ல விலை போனது. அதில்தான் கூறைச்சேலை எடுத்தது.

மனேச்சர் எனக்குச் சித்தப்பா ஆகிவிட்டார். வீட்டுக்கு வந்தால் எனக்குப் பேரீச்சம்பழம் கொண்டுவருவார். சில நேரம் அந்தச் சோடிப் பாட்டு எங்கேயாவது கேட்கும். சித்தப்பா சின்னம்மாவைப் பார்த்துச் சிரிப்பார், ஏதோ இருவருக்கு மட்டும் தெரிந்தது போல. சின்னம்மா சிரிக்காமல் என்னைப் பார்ப்பா. நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவேன். அவவிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டதேயில்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கும் நடந்ததுதான். ஊர் இல்லை, கோயில் கோபுரம் பாதி இல்லை, ஐயா அம்மா இல்லை. நான் பலெர்மோ வந்து சேர்ந்து ஒரு இத்தாலியச் சீமாட்டி, சிஞ்ஞோரா, வீட்டில் சட்டிபானை கழுவி, இங்கே இருக்கிற அனுமதிக்கு, பெர்மெஸ்ஸோவுக்கு, வரிசையில் நின்று, இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறேன். சின்னம்மாவும் சித்தப்பாவும் பிள்ளை இல்லாமல் கொழும்பில் ஒரு அறையில் இருந்தார்கள். மூன்று வருடத்துக்கு முன் சின்னம்மா போய்விட்டா. இந்த மாசியில் சித்தப்பாவும் போய்விட்டார். இனி இதை எழுதுவதால் ஒருவருக்கும் நோகாது என்றுதான் எழுதுகிறேன். செய்த சத்தியமும் அவர்களோடு முடிந்ததா, அதைக் கேட்க ஐயரும் எனக்கு இங்கே பழக்கமில்லை.

சின்னம்மாவின் எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்த ஞாயிற்றுக்கிழமை அது. ஸ்டேஷனடியில் இருக்கிற ரெலிபோன் கடையிலிருந்து சித்தப்பாவுக்கு எடுத்தேன். அன்றைக்கு அவர் ரெலிபோனில் சொன்னதைக் கேட்டபிறகு, இந்த ஊரின் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கோயிலுக்கு வெறுங்காலோடு இரண்டு தரம் ஏறிவிட்டேன். மன்னிப்புக் கேட்கப் போகிறேனா, வேறு எதற்கும் போகிறேனா என்று ஏறும்போதும் தெரியவில்லை, இறங்கும்போதும் தெரியவில்லை. எங்கள் சனம் அங்கே மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நிற்கும்போது நான் சும்மா நின்றேன்.

சித்தப்பா அன்றைக்கு அழவில்லை. சமையல்காரப் பெண்ணைப் பற்றியும் மழையைப் பற்றியும் கதைத்தார். பிறகு சொன்னார், "பிள்ளை, உனக்கொண்டு சொல்லோணும். அந்தக் காட் நான் போடேல்லை."

நான் மீற்றரில் ஓடுகிற காசைப் பார்த்தேன்.

"உன்ர சின்னம்மாதான் போட்டவ. நீ விலாசம் வாங்கிக்கொண்டு போனனி, நினைவிருக்கோ? அவதான் உன்னை விட்டுக் கேப்பிச்சவ எண்டு றேடியோவிலை ரெண்டு பேரும் கேட்ட உடன எனக்கு விளங்கிச்சு. என்னை ஒருக்கா நேர நிமிந்து பாத்ததுமில்லை, ஆனால் அப்பிடி ஒரு துணிவு. உன்ர ஐயா கேக்கேக்கை அவவை எப்பிடிக் காட்டிக் குடுக்கிறது? இவ்வளவு வருசமும் நான் அவவிட்டை அதைக் கேக்கேல்லை. வெக்கப்படுவா எண்டு விட்டிட்டன். இனி ஆரிட்டைக் கேக்கிறது?"

கண்ணாடிக்கு வெளியே அடுத்த ஆள் கதவைத் தட்டினான். நான் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டேன்.

"நீ வீட்டிலதானே இருந்தனி," என்றார் சித்தப்பா. "அவ எழுதினதைக் கண்டனியோ?"

"ஓம் சித்தப்பா," என்றேன். "நான் பக்கத்திலதான் இருந்தனான்."

வெளியே நின்றவன் மறுபடியும் தட்டினான்.

"எழுதேக்கை சிரிச்சவவோ?"

"ஓம்," என்றேன். "சிரிச்சவ."